கணக்கில் எழுதிய கடை

அந்தத் திங்கட்கிழமை மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள்: தோட்ட வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோரின் மகள், லோரிக்காரர் வீட்டு இரட்டைப் பையன்கள், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் மகன், நான், அப்புறம் கோலா சிலாங்கூரிலிருந்து பஸ் ஏறி வரும் டீச்சர். எங்கள் தோட்டப் பள்ளியில் அதுவே நிறைந்த வகுப்புதான்.

புதிய பாடத்திட்டம் வந்திருந்த சமயம். பிள்ளைகள் விளையாடியே கணக்குப் படிக்க வேண்டுமாம். டீச்சர் காலி சார்டின் டின், பால் டின், சவர்க்காரப் பெட்டியெல்லாம் மேசையில் அடுக்கி விலை ஒட்டினார். அட்டையில் வெட்டிய காசை ஆளுக்கு ஐந்து வெள்ளியாகப் பங்கிட்டார். என்னைக் கடைக்காரி ஆக்கி, ஒரு பிஸ்கட் டின்னைக் கல்லாவாகக் கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமை பெரிய வாத்தியார் பார்க்க வருவாரு. வித்த சாமானுக்கும் கல்லாக் காசுக்கும் சரியா இருக்கணும்."

நான் கல்லா மூடியை அழுத்தி மூடினேன்.

முதலில் மண்டோர் மகள் வந்தாள். இரண்டு பால் டின்களை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "கணக்குல எழுதிக்க" என்று நடந்துவிட்டாள். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. எங்கள் தோட்டக் கடையில் யார் காசு நீட்டி வாங்கினார்கள்? சம்பளத்தன்றுதானே தீர்ப்பார்கள். இரட்டையர் ஆளுக்கொரு சார்டின் எடுத்தார்கள். "சம்பளம் போடட்டும்லா," என்றான் ஒருவன். கிராணி மகன் சவர்க்காரத்தோடு போனான்.

புதன்கிழமை அவன்தான் என் தூக்கத்தைக் கெடுத்தான்.

"கல்லாவுல காசு குறைஞ்சா கடைக்காரங்கதான் கட்டணும். எங்கப்பா ஆபீஸ்ல அப்படித்தான்."

"அப்ப நீ வாங்கின சவர்க்காரத்துக்குக் குடேன்."

"அது வேற விஷயம்."

வீட்டில் உண்டியலைக் கவிழ்த்துப் பார்த்தேன். அட்டையல்ல, நிசமான நாற்பது காசுதான் இருந்தது. மறுநாள் மண்டோர் மகளைக் குழாயடி வரைக்கும் துரத்தினேன்.

"பாக்கியக் குடுடி."

"கடை முதலாளி தவுக்கேகூட குழாயடிக்கு வரமாட்டாரு. நீ வர்ற," என்று முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

வெள்ளிக்கிழமை பெரிய வாத்தியார் முன்னால் டீச்சர் கல்லாவைத் திறந்தார். உள்ளே பிஸ்கட் தூள் மட்டும் இருந்தது.

"கையில காசு வெச்சுக்கிட்டு ஏன் குடுக்கல?"

இரட்டையரில் ஒருவன் பொறுமையாக விளக்கினான். "இது டவுனுக்குப் போனா செலவு பண்றதுக்கு, டீச்சர்."

பெரிய வாத்தியார் தோட்டத்திலேயே குடியிருப்பவர். சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டு, மிச்சமிருந்த சார்டின் டின்னை எடுத்தார். "எனக்கும் எழுதிக்கம்மா."

"டீச்சர், நான் கட்டணுமா?" என்று கேட்டேன்.

டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நீ ஏன் கட்டற? யார் யார் எவ்வளவுன்னு சொல்லு."

எதையும் பார்க்காமல் விலையோடு சொன்னேன். அவர் கரும்பலகையில் எழுத, அன்றைய பாடம் கூட்டல் ஆனது. அடுத்த வாரம் கடிகாரப் பாடம் வந்துவிட்டது. டின்கள் குப்பைக்குப் போயின. சம்பள நாள் மட்டும் வரவேயில்லை.

ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான்; படித்ததில் மறந்ததுதான் அதிகம். போன மாதம் கோலா சிலாங்கூர் மார்க்கெட்டில் மண்டோர் மகளைப் பார்த்தேன், கூடை நிறைய மீனோடு. என் முகத்தைக் கண்டதுமே, "சம்பளம் இன்னும் போடலலா" என்று அவளே முந்திக்கொண்டாள்.

அவள் ஒன்று எண்பது, இரட்டையர் இரண்டு நாற்பது, கிராணி மகன் எண்பது காசு, பெரிய வாத்தியார் ஒன்று இருபது. எனக்கு வரவேண்டியது மொத்தம் ஆறு வெள்ளி இருபது காசு.