ஆர்ட்வார்க் குட்டியும் என் நல்லெண்ணெயும்

டென்மார்க்கில் மிருகக்காட்சிசாலையில் வேலை என்றால் எல்லாரும் சிங்கத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். எனக்கு வாய்த்ததோ ஆர்ட்வார்க் என்ற ஆப்பிரிக்கப் பிராணி. முயல் காது, பன்றி மூக்கு, கறையானை நக்கித் தின்ன ஒரு நீள நாக்கு. போன வருடம் தாய் தெரியாமல் தன் குட்டியின்மேலேயே படுத்துவிட்டது. குட்டி பிழைக்கவில்லை. இந்த வருடக் குட்டியைச் சாகவிடுவதில்லை என்று ஒற்றைக்காலில் நின்றேன். கைக்குழந்தையோடு மல்லுக்கட்டிய அன்பர்களே, உங்களுக்குப் புரியும்.

பகல் தூக்கம்

இது இரவில் நடமாடுகிற பிராணி, பகலெல்லாம் சுருண்டு கிடக்கும். இக்காஸ்ட் நகரத்திலிருந்து வந்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். தெரிந்தது தாயின் முதுகு மட்டும். குட்டியையாவது தூக்கிக் காட்டச் சொன்னார். இப்போதுதான் தூங்குகிறது, முடியாது என்றேன்.

“இதைப் பாக்கவோ தம்பி இவ்வளவு தூரம் கார் ஓடி வந்தனான்? வீட்டில என்ர மச்சானும் இப்பிடித்தான் கிடக்கிறவன்!”

பெட்டிக் குட்டி

தாய் நசுக்கிவிடாமல் இருக்க, குட்டியைச் சூடான பெட்டியில் தனியாக வைத்தோம். பால் நேரத்துக்கு மட்டும் தாயிடம் தூக்கிப் போவேன், குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே காவல் இருப்பேன், பிறகு தராசு. விடுப்பு நாளிலும் போனேன். கூட வேலை செய்யும் காரன் என்ற டேனிஷ் பெண் தலையில் அடித்துக்கொண்டாள்.

“பிரசவம் நடந்தது அவளுக்கா, உனக்கா?”

எண்ணெய்

குட்டியின் ரோமமில்லாத தோல் வறண்டு வெடித்தது. மருத்துவர் தந்த களிம்பு இருக்க, நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பூசுவதுபோல நல்லெண்ணெய் பூசினேன். யாரையும் கேட்கவில்லை. ஆர்ட்வார்க்குக்குப் பார்வை மட்டம், எல்லாமே மூக்குத்தான். தாய் ஒருமுறை முகர்ந்தது, குட்டியைத் தள்ளிவிட்டது. அடுத்த பாலுக்கும் அதே கதை. தராசில் எடை இறங்கியது.

காரனிடம் உண்மையைச் சொன்னேன். இருவருமாக வெந்நீரில் துணி நனைத்து எண்ணெயைத் துடைத்தோம். தாய் படுத்த மண்ணை அள்ளிக் குட்டியின் உடம்பெல்லாம் தேய்த்தேன். தாய் வெகுநேரம் முகர்ந்துவிட்டுச் சரிந்து படுத்தது. குட்டி முலைக்காம்பைப் பற்றிக்கொண்டது. நான் அழுதேவிட்டேன். காரன் நல்லெண்ணெய்ப் போத்தலைக் காட்டினாள்.

“அழுதது போதும், அந்தப் போத்தலை வீட்டுக்குக் கொண்டு போ.”

குட்டி இப்போது கொழுகொழுவென்று வளர்ந்து, நான் காலையில் நிரவும் மணலையெல்லாம் மாலைக்குள் குழியாக்கி வைக்கிறது. வளர்த்த பாவத்துக்கு மண்வெட்டியோடு நிற்கிறேன்.