மாணிக்கம் கட்டிய அப்பெண்டிக்ஸ் கதை

வங்காளத்துப் பவானிபூரில் மாணிக்கத்தின் டிபன் கடையில் நீங்கள் இட்லி கேட்டால், "இன்னிக்கு உங்களுக்குத் தோசைதான் சரி" என்று அவரே முடிவு செய்துவிடுவார். எதிராளிக்கும் சேர்த்துப் பேசுகிற வாய். கேட்டால், "வாயுள்ள புள்ள பொழைக்கும்ங்க" என்பார்.

மகள் சைதன்யா விஷயத்திலும் அந்த வாய்தான் முந்திக்கொண்டது. கல்லூரியில் படிக்கிற பெண் போன வாரம் உயிரை விடப் பார்த்தாள். வயிற்றில் ஆபரேஷன் செய்து காப்பாற்றினார்கள். மாணிக்கமோ ஊரெல்லாம் "அப்பெண்டிக்ஸ்" என்று சொல்லி வைத்தார்.

"எங்க வீட்டுல அப்பெண்டிக்ஸுக்கு மூணாம் நாளே அனுப்பிட்டாங்களேப்பா! உம் பொண்ண ஏன் இன்னும் வச்சிருக்காங்க?" என்றார் மளிகைக்கடை கிருஷ்ணமூர்த்தி. மாணிக்கத்துக்கு வியர்த்துவிட்டது. பொய் நிலைக்க வேண்டுமானால் பெண் உடனே வீடு திரும்ப வேண்டும். மனநல மருத்துவர் பார்க்காமல் டிஸ்சார்ஜ் இல்லை என்று சர்ஜரி வார்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

மனநல மருத்துவர் வந்தார். இளம்பெண். கட்டிலருகே உட்கார்ந்து சைதன்யாவிடம் வங்காள மொழியில் பேச்சுக் கொடுத்தார். தூக்கம் வருகிறதா?

"நல்லாத் தூங்குறா டாக்டர்," என்றார் மாணிக்கம், அதே மொழியில்.

மனசு எப்படி இருக்கிறது?

"பழையபடி ஆயிட்டா. ஏதோ படிப்பு டென்ஷன்."

டாக்டர் அவரை வெளியே இருக்கச் சொன்னார். சைதன்யா குறுக்கிட்டாள். "அப்பா இருக்கட்டும். பேசாம இருக்கச் சொல்லுங்க."

மாணிக்கத்துக்குச் சுருக்கென்றது. சுவரோரம் போய் நின்றார்.

"இப்பவும் சாகணும்னு தோணுதாம்மா?" என்று டாக்டர் நேராகவே கேட்டார். 'சேச்சே' என்று தொண்டை வரை வந்ததை மாணிக்கம் விழுங்கினார். மகளின் பதிலுக்காக இப்படிக் காத்திருந்த ஞாபகமே அவருக்கு இல்லை. அது வலித்தது.

"தோணுது," என்றாள். "வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு."

இது குணமாகக்கூடியதுதான், மனநலப் பிரிவில் கொஞ்ச நாள் தங்கி மருந்து சாப்பிடலாம், பேசலாம் என்றார் டாக்டர். வீட்டாரும் வர வேண்டுமாம்.

"டிஸ்சார்ஜ் வேணாம் டாக்டர்," என்ற மாணிக்கம், சட்டென நிறுத்தி மகளிடம் தமிழில் கேட்டார். "நீ என்னம்மா சொல்ற?"

"தங்குறேன்ப்பா. நீங்களும் தெனம் வாங்க. நான் பேசறதக் கேளுங்க, போதும்."

மாணிக்கம் தலையாட்டினார். வாய் திறந்தால் அழுகைதான் வரும்போலிருந்தது.