கை எங்கே இருந்தது

என் வீட்டுக்காரர் தன்மேல் கரண்ட் பாய்ந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தால் நான் அந்த இடத்தில் நிற்பதில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். அடுத்தவர் வீடாக இருந்தாலும் சிங்க்கில் கிடக்கிற பாத்திரத்தைத் தேய்க்கத் தொடங்கிவிடுவேன். "ஐயோ, விடுங்கக்கா" என்பார்கள். விடமாட்டேன். கை சும்மா இருந்தால் எனக்கு வாய் நீண்டுவிடும்.

நடந்தது இதுதான். நாங்கள் கடல் தாண்டி இந்த இர்விங்குக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. ஒரு சாயங்காலம் பக்கத்து ஊர் இந்தியன் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் ஓட்ட, நான் பக்கத்து சீட்டில். பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது. எங்கள் காரின் பின்விளக்கு ஒன்று எரியவில்லையாம். அது அப்புறம்தான் தெரிந்தது. அவர் ஒழுங்காக ஓரம் கட்டினார். கட்டின கையோடு கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

கோயம்புத்தூரில் வருடக்கணக்காகக் கார் ஓட்டியவர். அங்கே போலீஸ் கை காட்டினால் நாம்தான் இறங்கி அவரிடம் நடந்துபோய், "சார்" என்று நிற்க வேண்டும். உட்கார்ந்தபடியே கண்ணாடியை இறக்கினால், "ஏன், துரை எறங்க மாட்டீங்களோ?" என்பார்கள். இங்கே இறங்கவே கூடாது என்று ஆபீஸ் நண்பர்கள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் ஊர் மரியாதை முந்திக்கொண்டுவிட்டது.

"சார், சார்" என்று சிரித்துக்கொண்டே நடந்தார். இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவர் காருக்குள் போ என்று கத்தினார், அதே மூச்சில் அசையாதே என்றார். இன்னொருவர் தரையில் படு என்றார். எதைத்தான் செய்வது? இவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். நான் சீட்டில் முழுசாகத் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து விரலும் விரிந்து தெரிந்தன. அப்போதுதான் டேசரால், அந்தக் கரண்ட் துப்பாக்கியால், சுட்டார்கள். டப்பென்று ஒரு சத்தம். மனிதர் விறைத்துப்போய், கையை ஊன்றக்கூட முடியாமல், மரக்கட்டை மாதிரி ரோட்டில் விழுந்தார். "அம்மா" என்று அலறினார்.

கதவுப் பிடியில் கை வைத்தேன். "ஸ்டே இன் த கார்!" என்று என்னைப் பார்த்து ஒரு கத்தல். என் ஆயுசில் நான் அவ்வளவு அடங்கி உட்கார்ந்தது கிடையாது. புருஷன் பத்தடி தூரத்தில் துடிக்கிறார், நான் டாஷ்போர்டின் மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்!

ஆம்புலன்ஸ் வந்தது. நெஞ்சிலிருந்து ஒன்றும் விலாவிலிருந்து ஒன்றுமாக, தூண்டில் முள் போன்ற இரண்டு ஊசிகளைப் பிடுங்கி எடுத்தார்கள். கடைசியில் பின்விளக்குக்கு ஒரு அபராத டிக்கெட் எழுதிக் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். தாடையில் ரத்தத்தோடு இவர் "தாங்க்யூ சார்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். "கம்ப்ளைண்ட் பண்ணலாங்க. நான் பார்த்தேன், நான் சாட்சி சொல்றேன்."

"கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ற நேரத்துல வம்பு எதுக்கு? உசுரு இருக்குல்ல, பேசாம இரு."

"உசுர விட்டு வச்சதுக்குக் கும்பிடு வேற போடணுமா?"

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

கொஞ்ச நாளில் அந்தக் கதை ஒரு வேடிக்கையாக மாறிவிட்டது. நாலு பேர் கூடினால் அவரே எடுத்துவிடுவார். "நான் ஒரு லூசு. லைசென்ஸ் எடுக்கறேன்னு பாக்கெட்ல கைய விட்டேன். அவன் என்னன்னு நெனப்பான்? விட்டான் பாரு ஒண்ணு! நான் ஆடின ஆட்டம் இருக்கே!" எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "இனி இவன் மேல செல்போன வச்சாலே சார்ஜ் ஏறும்டா" என்பார் ஒருவர். இவரும் சேர்ந்து சிரிப்பார்.

பாக்கெட்டாம்! எந்தப் பாக்கெட்? திரும்பத் திரும்பக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கார் ஓட்டும்போது, துணி மடிக்கும்போது, எதற்கோ கடையில் நிற்கும்போது அந்தப் பின்கண்ணாடி கண்முன் வரும். கை மேலே இருந்ததா, இல்லையா? இருந்தது. நான் பார்த்தேன். பார்த்தவள் நான் ஒருத்திதான், அனுபவித்தவர் அவர் ஒருவர்தான். அவரே இல்லையென்றால் என் பேச்சு எந்த அம்பலம் ஏறும்? வேடிக்கை என்கிறாரே, அன்றைக்கு அப்புறம் அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. "நீ ஓட்டு, உனக்குப் பழகட்டும்" என்று சாவியை என்னிடம் நீட்டிவிடுவார். எங்கேயாவது சைரன் கேட்டால் பேச்சு பாதியில் நின்றுவிடும்.

போன சனிக்கிழமை மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஜோடியைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். அந்தப் பெண்ணுக்கு நாமக்கல் பக்கம். வந்து இரண்டு மாதம்தான். அடுத்த வாரம் டிரைவிங் டெஸ்ட். கணவனுக்கு ஆபீஸ் தூரம் என்பதால் இனி எங்கே போனாலும் அவளே தனியாக ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். இவர் கதையை ஆரம்பித்துவிட்டார். பந்தியை விட்டு நகர முடியாமல் கரண்டியோடு நின்றேன்.

அவள் கணவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மனப்பாடம் பண்ணுகிறவள் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப எறங்கக் கூடாது, பாக்கெட்ல கைய விடக் கூடாது. சரிங்கண்ணா. ஒருவேளை பதட்டத்துல நான் எறங்கிட்டேன்னு வைங்க, கைய மேல தூக்கிட்டா ஒண்ணும் பண்ண மாட்டாங்கதானே?"

"ஆமாம்மா" என்று சொல்ல வாயைத் திறந்தவர், என்னை நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பெண் அதை நம்பிக்கொண்டு தனியாக ரோட்டுக்குப் போகப்போகிறாள் என்பது எனக்குத் தெரிந்த அளவு அவருக்கும் தெரியும். இலையில் ரசம் ஓடியது. அவர் அதைத் தடுக்கவில்லை.

"அண்ணா?" என்றாள்.

"எறங்காதம்மா. என்ன ஆனாலும் எறங்கிடாத."

"இல்லண்ணா, கைய தூக்கிட்டா…"

"நானும் தூக்கித்தாம்மா நின்னேன்" என்றார். "ரெண்டு கையையும். அப்பவும் சுட்டாங்க."