வெள்ளை வேஸ்கோட்டில் ஒரு பொட்டு மஞ்சள்

ஜீவராணியின் கை தன் பாட்டுக்கு ஒரு காரியத்தைச் செய்துவிட்டது. தைத்து முடித்த வெள்ளை வேஸ்கோட்டின் கீழ் முனையில், உள்பக்கமாக, ஒரு பொட்டு மஞ்சள் வைத்துவிட்டது.

கையைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. பள்ளிக்கூட யூனிபோமோ சடங்குக்காரிப் பிள்ளையின் பாவாடையோ, கடைசி நூலை அறுத்ததும் விரல் நேரே மஞ்சள் டப்பாவுக்குப் போகும். ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் மஞ்சள் படாத புதுச் சட்டையை எவன் போடுவான்? ஆனால் இது லயத்துச் சட்டையா? அந்தக் காலத்து வெள்ளைக்கார துரை, விருந்துக்குக் கறுப்புக் கோட்டுக்குள்ளே மாட்டிக்கொள்ளும் வேஸ்கோட் அல்லவா!

பழைய துரை பங்களாவில் டீவி நாடகம் எடுக்க வந்திருந்தார்கள். உடுப்புப் பொறுப்பு ஷாமிளா என்ற கொழும்புக்காரிக்கு. அவள்தான் துணியையும் ஒரு பழைய படத்தையும் கொடுத்து, "இத சரியா தச்சிட்டீங்கன்னா மிச்ச கோட்டெல்லாம் உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருந்தாள். அந்த வேலை கிடைத்தால் ஜீவராணி ஊரில் இருப்பாள். இல்லாவிட்டால் குவைத். மெடிக்கல் முடிந்து, பாஸ்போட் ஏஜன்ட் கையில் கிடக்கிறது. இன்னும் தானாகச் சோறு அள்ளித் தின்னத் தெரியாத மகளை விட்டுவிட்டு, எவள் வீட்டிலோ போய்ப் பாத்திரம் கழுவ வேண்டும்.

கலியாணத்துக்கு முந்தி எம்பிலிப்பிட்டியில் ஒரு காமன்ட்டில், சட்டை தைக்கும் பெக்டரியில், வேலைக்கு இருந்தாள். அங்கே அவளுக்குக் கொடுத்தது கொலர் தைக்கிற வேலை மட்டும். வருசக்கணக்காகக் கொலர், கொலர், கொலர்! முழுச் சட்டை வெட்டப் பழகியது புருசன் கிருஷாந்தின் கலியாணச் சட்டையைப் பிரித்துப் பார்த்துத்தான். மனுசன் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவான்.

இந்த வேஸ்கோட் அவளைப் படாத பாடு படுத்தியது. நெஞ்சை அகலத் திறந்துவிட்டு, கீழே இரண்டு முனையும் கூராக இறங்க வேண்டும். துளி சுருக்கம் ஆகாது. முதுகுக்கு மட்டும் மட்டமான துணி, இறுக்க ஒரு பட்டியும் பக்கிளும். பொம்பளைகள் முன்னால் துரை கோட்டைக் கழற்றுவது பெரிய மானக்கேடாம், அதனால் முதுகை யாரும் பார்க்க மாட்டார்களாம். "முன்னுக்கு மாப்பிள்ள, பின்னுக்கு பரதேசி" என்று தைக்கும்போதே சிரித்தாள்.

இப்போது சிரிப்பு எங்கே? விரலில் இருந்த ஈரத்தோடு மஞ்சள் ஊறி வெளிப்பக்கம் வந்துவிட்டது. பதறிப்போய் சவர்க்காரத்தைப் போட்டுத் தேய்த்தாள். அடிப் பாவி, மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே! ஆலாத்தித் தண்ணி மாதிரிச் சிவந்துபோனது. புளிப்புக்குத் தேசிக்காயைப் பிழிந்தாள். சிவப்பு போய் மறுபடி மஞ்சள், முந்தியதைவிடப் பெரிசாக. வெயிலில் போட்டால் வெளுக்கும், ஆனால் காலையிலிருந்து மழை விட்டபாடில்லை. வேறு வெட்டவும் துணி மிச்சமில்லை.

கீழே ரோட்டில் பங்களா வான் ஹோன் அடித்தது. "இக்மன் கரன்ன நங்கி!" என்று டிரைவர் சிங்களத்தில் அவசரப்படுத்தினான். ஈரத்தை அயர்ன் பண்ணிக் காய வைத்து, மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினாள்.

ஷாமிளா வேஸ்கோட்டைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். கழுத்தைப் பார்த்தாள், பொத்தான் ஓட்டைகளைத் தடவினாள், விரல் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. ஜீவராணிக்கு மூச்சு நின்றது. விரலும் நின்றது.

"இது என்ன?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. ஏனோ அதைச் சொல்ல வரவில்லை.

"மஞ்சள் மிஸ். நான்தான் வச்சேன். புதுத்துணிக்கு வைக்கிறது எங்க பழக்கங்க, கை தன்னால வச்சிருச்சு. கழுவுனேன், போகல்ல."

ஷாமிளா வேஸ்கோட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு நடந்தாள். அங்கே ஒரு பேசின் நிறையத் தேயிலைச் சாயம் ஆறிக்கொண்டிருந்தது. அவள் வேஸ்கோட்டை அதற்குள் போடக் கையை உயர்த்தியதும் ஜீவராணி பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"வேணாங்க மிஸ்! நாசமாக்காதீங்க! துணி குடுங்க, வேற தச்சு தாறேன்!"

"அட, கைய விடுங்க ஜீவராணி! வெள்ளய அப்படியே கெமராவுக்குக் காட்டேலா, கண்ணக் கூசும். எல்லா வெள்ள உடுப்பையும் சாயத்துல முக்கித்தான் எடுப்போம்."

வேஸ்கோட் சாயத்தில் முங்கி எழுந்தது. தந்தத்தின் நிறம். மஞ்சள் எந்த இடத்தில் இருந்தது என்று ஜீவராணிக்கே தெரியவில்லை.

"கறைக்கு நான் பயப்படல்ல" என்றாள் ஷாமிளா, பிழிந்துகொண்டே. "முனை ரெண்டும் ஒரு நூல் பிசகாம இருக்கு. நாளைக்கே கோட்டு வெட்டத் தொடங்கலாமா? இது முடிஞ்சா அடுத்த நாடகமும் இருக்கு."

ஜீவராணி தலையை மட்டும் ஆட்டினாள். வராந்தாவுக்கு வந்து கிருஷாந்துக்குப் போன் போட்டாள்.

"ஏஜன்ட்கிட்ட போயி பாஸ்போட்ட திருப்பி வாங்குங்க."

"ஏன், என்னாச்சு?"

"வாங்குங்கன்னு சொல்றேன்ல! இப்பவே போங்க!" என்று கத்தினாள். துரை பங்களா வராந்தா என்றும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.