சேவல் வெட்டின எஞ்சின்

யுத்த காலத்தில் என் லாரியின் எஞ்சினை மாற்றிவிட்டார்கள். வெளியே அதே பெயின்ட், அதே கதவு. உள்ளே யாருடையதோ எஞ்சின். இதைச் சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கு வயிறு எரிகிறது.

கொல்லிமலைக்கு அப்போது ரோடு கிடையாது. மலைமேல் இருக்கும் எடப்புளி நாட்டுக்காரர்கள் மிளகையும் வாழைத்தாரையும் தலைச்சுமையாக அடிவாரத்துக்கு இறக்குவார்கள். அங்கிருந்து சேலம் சந்தைக்கு ஏற்றிப்போவது என் வேலை. அதை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை.

முதல் லோடு ஏற்றும்போதே, வண்டிக்கு ஒரு சேவல் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார் அவர்களுடைய ஊர்க்கவுண்டர். கீழ்நாட்டில் சக்கரத்தடியில் அறுப்பார்கள். அவரோ, "வண்டிக்கு உசுரு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் பானட்டைத் திறந்து காட்டினேன். எஞ்சின் மேலேயே சேவலை வைத்து அவர் போட்டார் ஒரே போடு! அரிவாளின் வாய் மடங்கியது. எஞ்சின் விளிம்பில் நகம் அளவுக்குச் சில்லுத் தெறித்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அதன்பிறகு ஒவ்வொரு லோடுக்கும் அவர் அந்தத் தழும்பைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் சுமையை ஏற்றவே விடுவார்.

நாளடைவில் எஞ்சினின் பிஸ்டன் ரிங் தேய்ந்து புகை தள்ளியது. சேலத்தில் ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன். திரும்ப எடுக்கும்போதே சத்தம் சரியில்லை. என் எஞ்சின், முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் முதலில் கையை உதறித் தள்ளும். இது நல்ல பிள்ளையாகக் கிளம்பியது, மேட்டைக் கண்டதும் மூச்சு வாங்கியது. நிறுத்திப் பானட்டைத் திறந்தேன். எஞ்சினில் பொறித்த நம்பர் என் நம்பர்தான். ஆனால் அதைச் சுற்றி மட்டும் அரம் போட்ட பளபளப்பு. புதிதாக அடித்த எண்கள் ஒன்று மேலே, ஒன்று கீழே. விளிம்பைத் தடவிப் பார்த்தேன். முழுசாக இருந்தது.

"நம்பரைப் பாத்துட்டு வந்து பேசுங்க" என்றார் பட்டறைக்காரர். போலீஸ் ஸ்டேஷனிலும் அதையே சொன்னார்கள். "சேவல் வெட்டின தழும்பைக் காணோமுங்க" என்றேன். ஸ்டேஷனே சிரித்தது. யுத்த நேரத்தில் வேறு எஞ்சினுக்கு எங்கே போவேன்? அதையே ஓட்டிக்கொண்டு அடிவாரத்துக்கு வந்தேன்.

வாழைத்தார்கள் காத்திருந்தன. ஊர்க்கவுண்டர் வழக்கம்போல பானட்டுக்குள் கையை நீட்டினார். தொட வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது.

"ஏனுங்க, இது நம்ம எஞ்சின் இல்லீங்களே?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. உலகத்தில் ஒருவராவது நம்பினாரே! நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், தன் ஆட்களைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவர்கள் தார்களைத் தூக்கிப் பக்கத்தில் நின்ற மாட்டுவண்டிகளில் அடுக்க ஆரம்பித்தார்கள்.

"சேவல் நான் வாங்கித் தாரேனுங்க. இன்னொருக்கா அறுத்துடலாமுங்க" என்று கெஞ்சினேன்.

"அடுத்தவங்க பொருளுக்கு நாம எப்படீங்க அறுக்கறது? யாரோ ஒருத்தரு இதைத் தேடிட்டுத் திரிவாருங்க, சாமி."

அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். மாட்டுவண்டிகள் சேந்தமங்கலம் பக்கம் திரும்பி மறையும்வரை, திறந்த பானட்டை மூடக்கூடத் தோன்றாமல் வெறும் லாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.