அத்தானுக்குச் சொல்லாத பொருள்

எங்கள் அத்தான் எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினருக்கும் நண்பருக்கும் என் பணிவான வணக்கம். முதற்பக்கத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, வேறு யாருடைய மலரோ மாறி வந்துவிட்டது என்று சிலர் நினைக்கக்கூடும். யாழ்ப்பாணத்து அச்சகத்திலிருந்தே அழைப்பு எடுத்து, "தங்கச்சி, படம் மாறி அனுப்பிப்போட்டீங்கள் போல கிடக்கு" என்றார்கள். மாறவில்லை. அவர்தான் என் அக்காவின் கணவர். தமிழ் முறைப்படி எனக்கு அத்தான். இந்தக் கட்டுரையிலும் அவரை அப்படியே அழைக்கிறேன்.

அத்தான் உகண்டா நாட்டில் மசாக்கா நகரத்துக்கு அருகே, வாழைத்தோட்டம் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தார். தந்தையார் இளவயதிலேயே காலமாக, தாயார் தோட்டத்தைத் தாமே பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அத்தான் ஆசிரியப் பயிற்சி முடித்து ஆரம்பப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்குப் படிப்பித்தார். சம்பளம் ஒரு மாதம் வரும், மறுமாதம் வராது. தம்பியின் படிப்பை நினைத்து, ஏஜென்ட் ஒருவர் மூலம் துபாய்க்கு வந்து செக்யூரிட்டி வேலையில் சேர்ந்தார். தம்பியைப் படிக்க வைத்து, தாயாருக்கு ஓட்டு வீடும் கட்டிக் கொடுத்தார். எங்கள் ஊர் சண்டிலிப்பாயில் வீட்டுக்கு வீடு உள்ள கதைதான் இது. நம் பிள்ளை செய்தால் "குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினவன்" என்கிறோம். அத்தானைப் பற்றி எவரும் எங்களிடம் அப்படிச் சொன்னதில்லை.

துபாய் அல் குசைஸில் பல் மருத்துவ நிலையம் ஒன்றில் அக்கா வரவேற்பில் இருந்தார். அந்தக் கட்டடத்து வாசலில் அத்தானுக்கு டியூட்டி. அக்காவுக்கு ஊரில் பேசிய சம்பந்தங்கள் எல்லாம் "பிள்ளை நிறம் குறைவு" என்று திரும்பிப் போயிருந்தன. நிறம் எப்படிக் குறையும், அதை யார் நிறுத்துப் பார்த்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அத்தான் அக்காவின் நிறத்தைப் பற்றி ஒன்றுமே சொன்னதில்லை. அக்காவுக்கு அதுவே பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். இருவரும் அபுதாபியில் பதிவுத் திருமணம் செய்தார்கள். எங்கள் பக்கத்தில் போனது, துபாயிலேயே வேலையிலிருந்த நான் ஒருத்திதான்.

அத்தான் பொறுமைசாலி என்று எழுத வேண்டும், மலர்களில் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் அவருடைய பொறுமை எப்படிப்பட்டது என்று தெரியாவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பெறுமதி இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பாண் வாங்கினாலும், பில்லை விரித்துக் கையில் பிடித்தபடியேதான் வெளியே வருவார். பஸ் புறப்பட்டாலும் ஓடமாட்டார். "நான் ஓடினால், ஏன் ஓடுகிறான் என்று யாராவது கேட்பார்கள்" என்பார். டாக்ஸி பிடிக்க வேண்டுமென்றால் அக்காவை முன்னுக்கு விட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் நிற்பார். வாடகைக்கு வீடு கேட்டுப் போன் எடுத்தால் முதற்கேள்வியே எந்த நாடு என்பதுதான். உகண்டா என்றதும், "ஸொறி பாய், ஆப்பிரிக்கன் மாஃபி", ஆப்பிரிக்கருக்கு இல்லை என்று வைத்துவிடுவார்கள். அவர்களில் பாதிப்பேர் நம்மைப் போல நாடு விட்டு வந்தவர்கள். கடைசியில் என் பெயரில் ஒரு வீடு எடுத்து, மூவரும் அதிலேயே இருந்தோம். வேலையிடத்தில் சிலர் அவரைக் "காலியா" என்று கூப்பிட்டார்கள். கறுவல் என்று பொருள். அது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே திரும்பிப் பார்ப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்குத் தெரியாத சொல் ஒன்று இருந்தது. இனி அதைத்தான் எழுதப்போகிறேன். இதை மலரில் போட வேண்டாம் என்று ரொரன்றோவிலிருந்து சித்தப்பா சொன்னார். "செத்த வீட்டுப் புத்தகம் பிள்ளை, நாலு பேர் பாக்கிறது. உந்தச் சொல்லைப் போடாதை" என்றார். நாலு பேரும் அந்தச் சொல்லைத்தானே சொன்னீர்கள், சித்தப்பா.

காப்பிலி. ஆப்பிரிக்கரைக் குறிக்க நம் ஊரில் பரம்பரையாகப் புழங்கும் சொல். சுருட்டை முடியோடு பிள்ளை பிறந்தால் கேலிக்கும், சோறு உண்ணாத பிள்ளையை வெருட்டவும் அது கைகொடுக்கும். அதில் பிழையிருப்பதாக நம்மில் பலர் நினைப்பதே இல்லை. கல்யாணச் செய்தி கேட்டு ஊரிலிருந்த அம்மா பல மாதம் கதைக்கவில்லை. பிறகு கதைக்கத் தொடங்கியபோது அந்தச் சொல்லோடுதான் தொடங்கினார்.

அக்கா சமைக்கும்போது போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். "காப்பிலி வேலைக்குப் போட்டுதோ? காப்பிலி என்ன சாப்பிடுறது, சோறு சாப்பிடுமோ?" என்று அம்மாவின் குரல் குசினி முழுக்கக் கேட்கும். ஒருநாள் அத்தான் வெங்காயம் உரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அம்மா அடிக்கடி ஒரு சொல் சொல்கிறாரே, அதற்கு என்ன பொருள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அக்கா கறியைக் கிளறிக்கொண்டே, திரும்பாமல், மருமகன் என்று சொன்னார். அத்தான் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். "காப்பிலி, காப்பிலி" என்று நாலைந்து தரம் சொல்லிப் பழகினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவரே அம்மாவுக்கு அழைப்பு எடுத்தார். "வணக்கம் அம்மா. நான் உங்கட காப்பிலி கதைக்கிறன். சாப்பிட்டீங்களோ?" ஆர், ஆர் என்று அம்மா இரண்டு தரம் கேட்டார். பிறகு, "ஓம் ராசா, சாப்பிட்டன்" என்று அம்மாவின் குரல் வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் அந்த அழைப்பு போகும். அவருக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து தமிழ்ச் சொற்களும் அதோடு தீர்ந்துவிடும். மீதி நேரம் இருவரும் சிரிப்பார்கள்.

ஷார்ஜாவில் ஊர்க்காரர் வீட்டில் பொங்கலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அத்தான் வேட்டி கட்டி வந்தார். வந்திருந்த ஒவ்வொருவரிடமும் நெஞ்சில் கைவைத்து, "நான் காப்பிலி. சண்டிலிப்பாய்க் காப்பிலி" என்று அறிமுகம் செய்தார். யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். "ஆள் நல்ல பகிடிக்காரன்" என்று முதுகில் தட்டினார்கள். தன்னை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று அத்தான் நினைத்தார். அன்று இரவு அக்கா என்னிடம், "இனி நான் என்னெண்டடி மாத்திச் சொல்லுறது? சொன்னா, அம்மா இவ்வளவு நாளும் தன்னை என்னெண்டு கூப்பிட்டவா எண்டும் அவருக்கு விளங்கிப்போகுமே" என்றார்.

அம்மாவையாவது மாற்றலாம் என்று நான் முயன்று பார்த்தேன்.

"அம்மா, மருமகன் எண்டு சொல்லுங்கோவன்."

"வாயில வருகுதில்லை பிள்ளை. நான் என்ன கெட்ட எண்ணத்திலையே சொல்லுறன்? எங்கட காப்பிலி எண்டுதானே சொல்லுறன்."

"அது கூடாத சொல்லம்மா."

"மருமகன் எண்டு சொன்னா, எந்த ஊர், ஆரின்ர பெடியன் எண்டு ஆக்கள் கேப்பினம். காப்பிலி எண்டா ஒருத்தரும் மேல கேக்கமாட்டினம்."

அம்மா பொய் சொல்லவில்லை. ஊர் அப்படித்தான் இருக்கிறது. அந்த ஒரு சொல்லைச் சொன்னதும் ஒரு மனிதரைப் பற்றிக் கேட்க வேறொன்றும் இல்லாமல் போய்விடுகிறது. அம்மாவுக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது. அத்தான் தடிமன் காய்ச்சலில் படுத்த கிழமை அம்மா பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார். எந்தப் பெயரைச் சொல்லி வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

நல்லூர்த் திருவிழாவுக்கு இருவரும் யாழ்ப்பாணம் போவதாக முடிவானது. அம்மாவே வரச்சொல்லிவிட்டார். அத்தான் லீவு எடுத்து, அம்மாவுக்குச் சேலையும் வாங்கி வைத்தார். நம் உறவினர் முன்னால் சொல்வதற்கென்று ஒரு வசனத்தைக் குளிக்கும்போதும் உடுப்புக்கு அயர்ன் போடும்போதும் சொல்லிப் பார்ப்பார். "எல்லாருக்கும் வணக்கம். உங்கட காப்பிலி வந்திருக்கிறன்." விமானம் ஏறுமுன் உண்மையைச் சொல்லிவிடுவதென்று அக்கா ஒவ்வொரு நாளும் முடிவெடுத்தார். டியூட்டி முடிந்து களைத்து வந்திருக்கிறாரே என்று ஒருநாள் தள்ளிப்போனது. சேலையை மடித்து மடித்து வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறாரே என்று இன்னொருநாள் தள்ளிப்போனது. பயணத்துக்கு முந்தின கிழமை, வேலைக்கு உடுத்திக்கொண்டிருந்தவர் கட்டிலில் சரிந்தார். மூளையில் இரத்தக்கசிவு என்றார்கள். பேச்சு அப்போதே போய்விட்டது.

வைத்தியசாலையில் பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்த தமிழ் அம்மா ஒருவர் அக்காவின் கையைப் பிடித்து, "டிரைவராம்மா? நல்ல மனசு உங்களுக்கு, வேலைக்காரனுக்காக இவ்வளவு நேரம் உக்காந்திருக்கீங்க" என்றார். "என்ர மனுசன்" என்றார் அக்கா. அந்த அம்மா கையை விட்டுவிட்டார். பிறகு எங்கள் பக்கம் வரவேயில்லை. அத்தான் கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தார். அவருக்கு எவ்வளவு கேட்டது, எவ்வளவு விளங்கியது என்று தெரியாது. சில நாட்களில் அமைதியாகப் போய்விட்டார்.

தோஹாவில் வேலை செய்யும் அவருடைய தம்பி ஓடி வந்தார். பெட்டி உகண்டாவுக்கு விமானம் ஏறுமுன், முகைஸ்னா பிரேத நிலையத்தில் கடைசியாக முகம் பார்க்க விட்டார்கள். அம்மாவை வீடியோவில் எடுத்துப் பெட்டிக்கு நேரே போனைப் பிடித்தேன். அம்மா அப்படி அழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் அப்பா செத்தபோது அழுததுபோல அழுதார்.

"ஐயோ என்ர காப்பிலி. என்னைப் பாக்க வாறன் எண்டு சொன்னியே ராசா. வெள்ளிக்கிழமை இனி ஆர் எனக்குப் போன் எடுக்கிறது, என்ர காப்பிலி."

சுற்றி நின்ற ஊர்க்காரர் தலையைக் குனிந்தார்கள். நிற்பாட்டுங்கோ என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அவர் உள்ளம் உருகி அழுதார், அழுவதற்கு அவரிடம் இருந்தது அந்தச் சொல்தான். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மா திரும்பத் திரும்ப என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். அக்கா பெட்டியில் முகத்தை வைத்திருந்தார். மருமகன் என்கிறார், என்றேன் நான்.

இந்தத் துயரத்தில் எங்களோடு நின்றவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அத்தானின் டியூட்டியைத் தங்களுக்குள் பிரித்துப் பார்த்துக்கொண்ட உகண்டா, நேபாளத் தோழர்களுக்கும், நாள்தோறும் கஞ்சி காய்ச்சித் தந்த மேல்மாடிக் கொல்லம் சேச்சிக்கும், ஜெபித்து அனுப்பிய பாதிரியாருக்கும், ஷார்ஜாவிலிருந்து வந்து நின்ற ஊர்க்காரருக்கும் எங்கள் நன்றி. பெட்டியோடு போன அக்காவை மசாக்காவில் மகளைப் போல வைத்துப் பார்த்த அத்தானின் தாயாருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இந்த மலரை அவர்களுக்கு அனுப்பமுடியாது. பக்கத்தின் மேல் போனைப் பிடித்தால் ஆங்கிலத்தில் வாசித்துவிடலாமாம். அத்தானின் நினைவு மலர் அத்தானின் வீட்டுக்குப் போகாது.

தம்பிக்குத் தனியாக நன்றி. ஓராண்டு நிறைவுக்குக் கல்லறையில் கல் நாட்டுகிறார்கள். போன மாதம் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. மகன், அண்ணன், கணவன் என்றெல்லாம் தங்கள் மொழியில் வெட்டியாகிவிட்டதாம். உங்கள் அம்மா சொல்லி அழுத அந்தச் சொல்லையும் கடைசி வரியில் உங்கள் எழுத்தில் வெட்ட வேண்டும், எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். காப்பிலி என்று ஆங்கில எழுத்தில் அவரே பிழையில்லாமல் எழுதியிருந்தார். தங்கள் தாயாரும் அந்தச் சொல்லைச் சொல்லப் பழகிவிட்டதாகச் சொன்னார். அக்காவிடம் காட்டினேன். பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார். நான் ஒரு தாளில் மருமகன் என்று பெரிதாக எழுதிப் படமெடுத்து அனுப்பினேன். நேற்று கல்லின் படம் வந்தது. எழுத்து ஒன்றும் பிழையில்லை. அத்தானின் தாயார் அந்தக் கடைசி வரியில் விரலை வைத்து வாசித்து, ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தார்.

"காப்பிலி" என்று வாசித்தார்.