கிள்ளை மகமும் நைலான் மாமாவும்

கடலைப் பார்க்காமலே எனக்கு முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. சேலத்துக்காரனுக்கு ஏற்காட்டு மலை போதும் என்று இருந்துவிட்டேன். அறுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம், எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் கலியமூர்த்தி, "மகத்துக்கு எங்க ஊருக்கு வாங்க சார். ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாளே கடலுக்கு வராரு, நீங்க வரக்கூடாதா?" என்று கேட்டார். பெருமாளோடு போட்டி போட முடியுமா? சரி என்றேன். அவர் இரண்டு நாள் முன்னதாகவே போய்விட்டார். "கிள்ளையில வண்டி ஒரு நிமிஷந்தான் நிக்குமாம். ஜன்னல்ல எதையாவது பாத்துக்கிட்டே சிதம்பரம் போயிடாதீங்க" என்று சொல்லி என்னை வண்டியேற்றினாள் என் மனைவி. எதையாவது பார்க்க ஆரம்பித்தால் எனக்குக் காது கேட்காது என்பது எங்கள் வீட்டில் பழைய புகார்.

வியாழக்கிழமை விடியற்காலையில் கடலூர் முதுநகரில் இறங்கினேன். காற்றே ஈரமாக, உப்பாக இருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே பதினைந்து காசுக்கு ஒரு காபி குடித்தேன். அதிலும் உப்புக் கரிப்பது போல் ஒரு பிரமை. ஏழு மணிக்கு மாயவரம் பக்கம் போகும் பாசஞ்சர். கிள்ளைக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஒரு ரூபாய்க்குள்தான். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று வண்டி ஊர்ந்தது. முந்திரி பூத்திருந்தது. அந்தப் பூவின் வாசனையும் கரி எஞ்சின் புகையும் மாறி மாறி வந்தன. பரங்கிப்பேட்டை தாண்டி, வெள்ளாற்றுப் பாலத்தில், தண்ணீர் எங்கே முடிகிறது வானம் எங்கே தொடங்குகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். யாரோ தோளைத் தட்டினார்கள்.

"கிள்ளைன்னு சொன்னீங்களே, எறங்கலியா?" என்றாள் பூக்கூடை வைத்திருந்த அம்மாள்.

பெட்டியைக் கீழே போட்டுவிட்டு நானும் குதித்தேன். வண்டி நகர்ந்தது. எதிரே கலியமூர்த்தி சிரித்துக்கொண்டு நின்றார். சேலத்தில் சலவைச் சட்டையும் சாக்பீஸுமாகப் பார்த்த மனிதர், இங்கே மடித்துக் கட்டிய லுங்கியும் தோளில் துண்டுமாக இருந்தார்.

ஸ்டேஷனிலிருந்து ஒற்றை மாட்டு வண்டி. நயா பைசா வந்து இத்தனை வருஷம் ஆகியும் வண்டிக்காரர் "எட்டணா" என்றுதான் கேட்டார். உப்பங்கழிக் கரையில் படகு காத்திருந்தது. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் காட்டுக்குள் படகில் போவது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாய்க்கால் குறுகக் குறுகக் கிளைகள் மேலே கூடிக்கொண்டன. வேர்கள் தண்ணீருக்குள் விரல் ஊன்றி நின்றன. துடுப்புச் சத்தமும் எங்கோ ஒரு மீன்கொத்தியின் குரலும் தவிர வேறு ஒன்றுமில்லை. எனக்குத் தூக்கமா விழிப்பா என்று சொல்ல முடியாத ஒரு சுகம்.

கலியமூர்த்தி அந்தச் சுகத்தைக் கலைத்தார். "சார், எங்க வூட்ல ஒரு சங்கடம். முன்னாடியே சொல்லிடறேன்" என்று தொடங்கினார்.

அவருடைய அப்பா ராஜாங்கமும், அம்மாவின் தம்பி கோதண்டமும், கரையில் நின்றே இழுக்கிற ஒரு கரைவலைக்குக் கூட்டாளிகள். அந்த வலையின் நடுவில் பைபோல் ஒரு பகுதி உண்டு, மடி என்பார்கள். மீன் வந்து சேருகிற இடம் அதுதான். போன வருஷம் ராஜாங்கம் பருத்தி மடியை எடுத்துவிட்டு நைலானில் ஒன்று கட்டினார். கோதண்டத்துக்குப் பிடிக்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் எல்லார் எதிரிலும் அக்காள் புருஷனுக்கு "நைலான் மாமா" என்று பேர் வைத்துவிட்டார். மறுநாள் முதல் ஊருக்கே அவர் நைலான் மாமா. அன்றைக்கு மூடிய வாயை ராஜாங்கம் மச்சானிடம் இன்னும் திறக்கவில்லை. அதற்கப்புறம் வலையும் சரியாகக் கரை சேரவில்லை; எல்லாம் அந்த நைலானால்தான் என்பது கோதண்டத்தின் கட்சி.

"ஞாயித்துக்கெழமை தங்கச்சி அஞ்சலைக்கு வெத்தல பாக்கு மாத்த தேவனாம்பட்டினத்துலேருந்து வராங்க. தாய்மாமன் கை நீட்டித் தட்டு வாங்கணும். தாய்மாமன் நிக்காத வூட்ல பொண்ணு எடுக்க மாட்டோம்னு அவுங்க சொல்லிட்டாங்க. அப்பா வாய் தொறந்து கூப்புடாம மாமா வர மாட்டாரு. வெச்ச பேரைத் திருப்பி வாங்குனாத்தான் கூப்புடுவேன்னு அப்பா சொல்றாரு."

"வாங்கிவிட வேண்டியதுதானே?"

"வெச்ச பேரை எப்புடி சார் திருப்பி வாங்கறது?"

கணக்கு வாத்தியாருக்கே விடை தெரியாத கேள்வி. எனக்கு எப்படித் தெரியும்?

ஊர், உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் மேடு. படகைவிட்டு இறங்கி நாலு கீற்று வீடுகளைத் தாண்டினால் கடல். வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தேன். ஏதோ சொல்ல வேண்டும் என்று "ரொம்பப் பெரிசா இருக்கே" என்றேன். கலியமூர்த்தியின் அம்மா செங்கேணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்று கொடுவா மீன் குழம்பு. அந்த ருசியைப் பற்றி எழுதினால் என் மனைவி கோபித்துக்கொள்வாள், விட்டுவிடுகிறேன்.

மைத்துனர்கள் இருவர் வீடும் அடுத்தடுத்து. நடுவே ஒரு வேலி, வேலியோரம் ஒரு பூவரசு மரம். ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை இத்தனை நாளும் இருவரும் அந்த மரத்திடம்தான் சொல்லிவந்தார்களாம். நான் வந்ததும் மரத்துக்கு ஓய்வு கிடைத்தது. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வேலிக்கு அப்பாலிருந்து கோதண்டம் கூப்பிட்டார். முழங்கை முழங்காலெல்லாம் கறுத்து இறுகிய, பெரிய மீசைக்காரர்.

"சேலத்து சாரா? வாங்க, வாங்க. அந்தாண்ட ஒரு மரமண்டை ஒக்காந்திருக்கே, அதுங்கிட்ட சொல்லுங்க. சனிக்கெழமை வெள்ளெனவே வலை போடணும். மகம் முடிஞ்சா காத்து தெக்கால திரும்பிடும்."

நான் திரும்பி நடந்தேன். பூவரசின் பின்னால் நின்றிருந்த அஞ்சலை வழிமறித்தாள். பத்தொன்பது வயதிருக்கும். எட்டாவது வரை படித்த பெண்; கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு.

"சார், அவுங்க சொல்ற மாரியே சொல்லாதீங்க சார். வார்த்தைய கொஞ்சம் மாத்திச் சொல்லுங்களேன். ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் மூணு நாள்தான் இருக்கு."

அவள் முகத்தைப் பார்த்து எனக்கு வருத்தமாகிவிட்டது. ராஜாங்கத்திடம் போய், "சனிக்கிழமை அதிகாலையில் வலை போடலாமா என்று உங்கள் மைத்துனர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்" என்றேன்.

அவர் வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மரியாதையாவா? அவனா? ஒழுங்கா சொல்லுங்க சார், என்னா சொன்னான்?"

"மரமண்டை என்று…"

"அப்புடி சொல்லுங்க!" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "சரி, வெள்ளெனவே போடலாம்னு அந்தத் தடிப்பய கிட்ட சொல்லிடுங்க."

கோபத்தில் இருக்கிற மனிதர் இப்படியா இருப்பார் என்று எனக்கு விளங்கவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் வேலியை எத்தனை முறை சுற்றினேன் என்று கணக்கு வைக்கவில்லை. என் செருப்பின் வார் அறுந்தது மட்டும் நிச்சயம்.

வெள்ளிக்கிழமை மகம். அன்றைக்கு யாரும் கடலில் வலை போடுவதில்லை. காலை எட்டு மணிக்குள் சுற்றுவட்டாரக் குப்பத்துப் படகெல்லாம் கழியில் வரிசையாகக் கிள்ளைப் பக்கம் திரும்பின. புதுச்சேலை, தாழம்பூ, மஞ்சள் பூசிய முகங்கள். ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் பூவராகர், வருஷா வருஷம் போலவே வழியில் தர்காவில் நின்று, அங்கே பூவும் பழமும் மரியாதையும் பெற்றுக்கொண்டு, முழுக்குத்துறைக்கு வந்தார். குடையின் சரிகை வெயிலில் மின்ன, பல்லக்கு மணல்மேல் மிதந்து வருவதுபோல் இருந்தது. ஒரு பக்கம் வளையல் கடை, ராட்டினம், கரும்பு. இன்னொரு பக்கம் மாப்பிள்ளை பார்ப்பவர்களும் பெண் பார்ப்பவர்களும். வருஷத்தில் ஒரு தரம் எல்லாக் குப்பத்துச் சனமும் ஒரே மணலில் நிற்கிற நாள் இது. கல்யாணப் பேச்சில் பாதி இங்கேதான் ஆரம்பமாகும் என்றார் கலியமூர்த்தி. அஞ்சலையின் பேச்சும் போன மகத்தன்று வளையல் கடை ஓரத்தில் தொடங்கியதுதான்.

"சாமி முன்னால பேசிடுவாங்க சார், பாருங்க" என்று செங்கேணி காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். தீர்த்தவாரி நடந்தது. ஆயிரக்கணக்கான தலைகள் ஒன்றாகத் தண்ணீரில் முங்கி எழுந்தன. ராஜாங்கம் பல்லக்குக்கு இந்தப் பக்கம், கோதண்டம் அந்தப் பக்கம், இருவர் கையும் தலைக்குமேல். இருவரும் பெருமாளைப் பார்த்தார்கள்; ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வந்தது போலவே தனித்தனிப் படகில் திரும்பினார்கள். அஞ்சலை தண்ணீரில் கையை விட்டபடி வந்தாள். திருவிழா பார்த்த சந்தோஷம் எனக்கும் இறங்கிப்போயிற்று.

சனிக்கிழமை, சூரியன் கடலிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. படகு ஒன்று வலையை அரைவட்டமாக இறக்கிவிட்டு வந்து சேர்ந்தது. வலையின் இரண்டு கயிறும் கரையில், இரண்டு பர்லாங்கு இடைவெளியில். வடக்குக் கயிற்றுக்கு ராஜாங்கம் தலைவர். தெற்குக் கயிற்றுக்குக் கோதண்டம். ஒவ்வொன்றிலும் இருபது பேருக்குக் குறையாமல் ஆணும் பெண்ணும். வலை கரையை நெருங்க நெருங்க, இரண்டு கூட்டமும் இழுத்துக்கொண்டே ஒன்றை நோக்கி ஒன்று நடக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் மடி கோணிக்கொள்ளும், மீனெல்லாம் நழுவிவிடும். அதனால் இரு தலைவர்களும் ஓயாமல் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வருஷமாக இந்த வலை சரியாகக் கரை சேராததற்குக் காரணம் நைலான் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நடுவில் என்னை நிறுத்தினார்கள். "வடக்கே மெதுவா!" என்பார் கோதண்டம், நான் ஓடிப்போய்ச் சொல்வேன். "தெக்கே குனிஞ்சு இழுக்கச் சொல்லுங்க!" என்பார் ராஜாங்கம், திரும்பி ஓடுவேன். மணலில் ஓடிப் பழக்கமில்லாத கால். கூட்டங்கள் கிட்டே கிட்டே வந்தன. இருபது கஜம்தான் இடைவெளி. இனி ஓட வேண்டாம், நின்ற இடத்தில் நின்றே சொன்னால் போதும்.

அப்போது நான் கடலைத் திரும்பிப் பார்த்தேன்.

வலைக்குள் அகப்பட்ட தண்ணீர் கொதிக்கிற பால்போல் பொங்கியது. சின்னச் சின்ன மீன்கள் துள்ளித் துள்ளி விழுந்தன. ஒவ்வொன்றின் மேலும் காலை வெயில் ஒரு கணம் உட்கார்ந்து எழுந்தது. அவற்றுக்கு மேலே வெள்ளைப் பறவைகள், அதற்கும் அப்பால் வானமும் நீரும் சேர்ந்த ஒரே வெளிச்சம். இந்த வெளிச்சத்தைப் பார்க்காமலா இத்தனை வருஷம் இருந்தோம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே நின்றேன். கோதண்டம் என்னிடம் மூன்று தரம் கத்தினாராம். என் காதில் விழவே இல்லை.

வடக்குக் கயிறு முந்திவிட்டது. மடி கோணத் தொடங்கியது. கடைசியில் கேட்டது இடிபோல் ஒரு குரல்.

"யோவ் நைலான் மாமா! நிறுத்துய்யா!"

கரை முழுக்க அப்படியே நின்றுவிட்டது. செங்கேணி கயிற்றை நழுவவிட்டு நெஞ்சில் கை வைத்தார். அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லியிருக்கக் கூடாத அந்தப் பேர், நேருக்கு நேராக, ஊரே கேட்கும்படி வந்துவிட்டதே!

ராஜாங்கம் குதிகாலை மணலில் ஊன்றியபடி தலையைத் திருப்பினார்.

"நிறுத்தியாச்சுடா மச்சான்! கத்தாதே, காது கேக்குது!"

கோதண்டம், "கேக்குதா? ஒரு வருஷமா கேக்கலியே!" என்றார்.

"கூப்புட்டாத்தானேடா கேக்கும்? பூவரச மரத்துக்கிட்ட பேசுனா எனக்கெப்புடிக் கேக்கும்?"

"சரி, இப்ப இழு மாமா! மீனு போவுது!"

இழுத்தார்கள். இரண்டு கயிறும் ஒன்றாகச் சேர்ந்தன. மடி கரை ஏறியது. இரண்டு கூடை காரப்பொடி மீனும் ஐந்தாறு கொடுவாவும். பெரிய வரவு ஒன்றுமில்லை. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செங்கேணி அழுதார். ராஜாங்கம் மடியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, தலை நிமிராமல், "நாளைக்கு வெத்தல பாக்குக்கு வெள்ளெனவே வந்துடு" என்றார். "வராம?" என்றார் கோதண்டம். அவ்வளவுதான் சமாதானம். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னா சார், நின்னுக்கிட்டே தூங்கிட்டீங்களா?" என்று கேட்டார் ராஜாங்கம். நான் அஞ்சலையைப் பார்த்தேன். ஈர மணலில் அவள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு முறை தூங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினத்தார் வந்தார்கள். தாய்மாமன் மீசையை முறுக்கிக்கொண்டு தட்டு வாங்கினார். "நைலான் மாமா வூட்டுப் பொண்ணு" என்று சம்பந்தி வீட்டு அம்மாள் வாய்தவறிச் சொன்னபோது, முதலில் சிரித்தவர் ராஜாங்கம்.

திங்கள்கிழமை நான் சிதம்பரத்தில் ரயிலேறுவதாக ஏற்பாடு. கலியமூர்த்தி வீட்டில் தங்கிவிட, மைத்துனர்கள் இருவரும் கூடவே வந்தார்கள். அஞ்சலைக்குத் தாய்மாமன் சேலை எடுக்க வேண்டுமாம். நடராஜரைச் சேவித்துவிட்டு, மேலவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் நுழைந்தோம். அஞ்சலை என்ன கேட்டாள் என்று மறக்காமலிருக்கக் கோதண்டம் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "நைலக்ஸ் சேலை, ரோஸ் கலர்" என்று கடைக்காரரிடம் சொன்னார்.

"நைலக்ஸா? அது எதுல செய்யறதுங்க?" என்று ஒன்றும் தெரியாதவர்போல் கேட்டார் ராஜாங்கம்.

"நைலான்தாங்க. கிழியவே கிழியாது" என்றார் கடைக்காரர்.

ஸ்டேஷன் வரும்வரை ராஜாங்கம் சிரித்துக்கொண்டே வந்தார். கோதண்டம் சேலைப் பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு விறைப்பாக நடந்தார்.

வண்டி வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சேலத்தில் எங்கள் தெருவிலும் பேசாத வீடுகள் உண்டு. ஆனால் அவர்கள் இரு பக்கமும் பிடித்து இழுக்க அங்கே ஒரு வலை இல்லை. ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு பூட்டு. கடலை விட்டு வருவதைவிட அந்தக் கயிற்றை விட்டு வருவதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

பிளாட்பாரத்தில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த வலைக்குக் கயிறும் நைலானில் போடலாமா கூடாதா என்று. கார்டு பச்சைக் கொடி காட்டினார். கோதண்டம் சட்டென்று என் ஜன்னலுக்கு ஓடிவந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்திருந்தது.

"சார், இந்த மரமண்டைக்கிட்ட நீங்களே கொஞ்சம் சொல்லிட்டுப் போங்க…"

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். அவருடைய மாமா பின்னாலேயே வந்து, அவர் தோளில் கை போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார்.